முடிச்சுக்குள் என்ன இருக்கிறது?

பேனாவை எடுக்கக் கைப்பையைத் துழாவியபோது அந்தச் சிவப்புச் சீட்டு தரையில் விழுந்தது. காலை ஒன்பதரை மணி. இரவு ஷிஃப்ட் முடிந்து, மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாசிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் பாலத்தைக் கடந்து பிறை ஊரில் இறங்கி, குளித்துப் பசியாறிவிட்டு, மகன் கொண்டுவந்த பள்ளிக் கடிதத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தேன். அந்தச் சீட்டுக்கு என் சமையலறையில் வேலையே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் சோதனைப் பிரிவில், ஒரு லாட் சிப்புகளின் மேல், அதாவது ஒன்றாகச் சோதனைக்கு வரும் ஒரு தொகுதியின் மேல், அது ஒட்டியிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். விடியற்காலை ஆறு நாற்பதுக்கு, தேறாத சிப் ஒன்று தேறியவற்றின் தட்டில் கிடப்பதைப் பார்த்தேன். சிப்புகளைத் தூக்கி வைக்கும் இயந்திரக் கையில் உறிஞ்சும் விசை குறைந்தால் இப்படி நேரும். ஒன்று தவறி விழுந்திருந்தால் இன்னும் எத்தனை விழுந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த லாட்டை அப்படியே நிறுத்தி, முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டும். சிவப்புச் சீட்டை எழுதினேன். கிழித்தேன். நாற்காலியை விட்டு எழுந்தும்விட்டேன். ஒட்டுவதற்கு ஆறடி நடந்தால் போதும். அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது. பக்கத்து வரிசையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். சீட்டைக் குறிப்பேட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். திரும்புவதற்குள் மணி ஏழு. அடுத்த ஷிஃப்டின் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். நின்றுபோன இயந்திரத்தைப் பற்றி அவரிடம் பத்து நிமிடம் விளக்கினேன். நிறுத்த வேண்டிய லாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து அழைத்துச் சொன்னபோது அந்த லாட் பேக்கிங் பிரிவுக்குப் போயிருந்தது. நல்ல வேளை, வாசலைத் தாண்டவில்லை. மூன்று பேர் பெட்டிகளைப் பிரித்து மதியம்வரை மறுபடி சோதித்தார்கள். இரண்டு நாள் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: கவனக்குறைவு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கையெழுத்து இன்றுவரை என்னை உறுத்துகிறது. தவறு என்னுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சொல் எதையும் விளக்கவில்லை. கணக்கில் பிழை விட்ட பிள்ளையிடம் ‘கவனம் போதாது’ என்கிறோம். அடுப்பை அணைக்க மறந்த பாட்டியிடம், பில்லில் எண்ணை மாற்றி எழுதிய கடைப் பெண்ணிடம், எல்லாரிடமும் அதே வார்த்தைதான். சொன்னதும் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த நிமிடத்தில் அவர் தலையில் வேறு என்னென்ன இருந்தன என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஓராண்டாக, கிடைத்த நேரத்தில் எல்லாம் இதைப் பற்றிப் படித்தேன். படித்ததைவிட அதிகமாக மனிதர்களைப் பார்த்தேன்.

மனத்தில் ஒரே நேரத்தில் எவ்வளவு நிற்கும் என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்து வருகிறார்கள். அமெரிக்கரான ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையில் ஏழு என்றார், இரண்டு கூடலாம் குறையலாம் என்று சேர்த்துக்கொண்டு. நெல்சன் கோவன் 2001இல் அந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கவோ சேர்த்துக் கட்டவோ வழியில்லாதபோது ஏறக்குறைய நான்குதான் நிற்கும் என்று காட்டினார். நான்கு எழுத்துகள் என்றோ நான்கு எண்கள் என்றோ இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு பொட்டலங்கள். ஒரு பொட்டலத்துக்குள் எவ்வளவு கட்டத் தெரியும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. கைபேசி எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நமக்கு ஒரே பொட்டலம். நேற்றுதான் இந்நாட்டுக்கு வந்தவருக்கு அவை மூன்று பொருள்கள்.

அன்று காலை என்னிடம் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்த்தேன். சீட்டு. நின்றுபோன இயந்திரம். ஏழு மணிக்குள் முடிக்க வேண்டிய ஒப்படைப்புக் குறிப்பு. பஸ் ஏழு இருபதுக்குப் புறப்படும் என்ற நினைப்பு. மகனுடைய கடிதம். ஐந்து.

இன்னொன்றும் படித்தேன். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஒரு செய்தியை வெளியிட்டார்: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலைக்குத் தாவினால், கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலைக்கு முழு ஆளாக நாம் போவதில்லை. தமிழில் அதைக் கவன எச்சம் என்று சொல்லலாம். சட்டியில் அடிப்பிடித்ததைக் கழுவாமல் அடுத்த குழம்பை வைப்பது போல. பழைய வாடை ஏறத்தான் செய்யும்.

இதையெல்லாம் தாளில் படித்ததைவிடத் தெளிவாக, ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடையில் கண்ணால் பார்த்தேன். மாதம் ஒருமுறை, இரவு ஷிஃப்ட் முடிந்த சனிக்கிழமை காலையில், எங்கள் பிரிவில் ஏழு பேர் அங்கே போவோம். ஆர்டர் எடுக்கும் அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். கையில் தாள் கிடையாது, பேனா கிடையாது. தோளில் ஒரு துண்டு. மேசைக்கு வந்ததும் தூணுக்கு அருகில் இருக்கும் நாற்காலியைப் பார்ப்பார். எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவார். ‘தண்ணீர் என்ன?’ என்பார். நம் ஊரில் தண்ணீர் என்றால் தேநீரும் காப்பியும் மைலோவும் எல்லாம்தான். ஏழு பேரும் ஏழு விதமாகச் சொல்வோம். ஒருத்தி தே தாரிக், இன்னொருத்தி அதையே சீனி குறைத்து, ஒருவர் சீனியே இல்லாத கோப்பி ஓ, ஒருவர் மைலோ ஐஸ், நடுவில் ஒருத்தி மனம் மாறி தே ஓ ஐஸ். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரு முறை திருப்பிச் சொல்வார். சொல்லும்போது நாங்கள் சொன்ன வரிசை இருக்காது. முதலில் சூடானவை எல்லாம். பிறகு ஐஸ் எல்லாம். ‘சூடு நான்கு, ஐஸ் மூன்று’ என்று முடிப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்: ‘அண்ணே, எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்?’

‘எல்லாவற்றையும் ஞாபகம் வைக்க முடியாது, தங்கச்சி’ என்றார். ‘சூடு எத்தனை, ஐஸ் எத்தனை. அந்த இரண்டு எண்ணிக்கை கையில் இருந்தால் போதும். தண்ணீர் கலக்குகிறவரிடம் போய்ச் சொல்லும்போது ஒன்று குறைந்தால் உடனே தெரிந்துவிடும். அங்கிருந்தே திரும்பிப் பார்ப்பேன். ஆளைப் பார்த்தால் வந்துவிடும்.’

நான் அசந்து போனேன். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு தட்டையும் நகர்த்தும்போது எண்ணிக்கையைச் சரிபார்ப்பதற்கு ஒரு கணினி முறையே இருக்கிறது. அதே வேலையை அவர் இரண்டு எண்களால் செய்கிறார். மறந்தது எது என்று தெரியாவிட்டாலும், மறந்திருக்கிறோம் என்பதை அந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

பிறகு படித்தபோது இதேபோன்ற ஒருவரைப் பற்றிய ஆய்வு கிடைத்தது. ஆண்டர்ஸ் எரிக்சனும் பீட்டர் போல்சனும் 1988இல் எழுதியது. அமெரிக்காவில் ஓர் உணவகப் பணியாளர்; இருபது பேருக்கு மேல் சொல்லும் இரவு உணவு ஆர்டரைக் குறிப்பெடுக்காமல் நினைவில் வைப்பவர். சோதித்துப் பார்த்தால், அவர் வாடிக்கையாளர்களை நான்கு நான்காகப் பிரித்துக்கொள்கிறார். சாலட்டின் மேல் ஊற்றும் சாற்றின் பெயர்களில் முதல் எழுத்துகளை மட்டும் சேர்த்து ஒரு சொல்லாக்கிக்கொள்கிறார். இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்பதை ஏறி இறங்கும் கோடு போல மனத்தில் வரைகிறார். அங்கே நான்கு நான்கு. இங்கே சூடும் ஐஸும். கடல் கடந்த இரண்டு கடைகளில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த அண்ணனிடம் என்னைத் தொட்டது நினைவாற்றல் அல்ல, அவருடைய உள்ளங்கை. ஆர்டரைத் திருப்பிச் சொன்னதும் அவர் நேராகத் தண்ணீர் கலக்கும் இடத்துக்கு நடப்பார். பதினைந்து அடி இருக்கும். வழியில் நான்கு மேசைகள். ‘அண்ணே, கணக்கு!’ ‘அண்ணே, ரொட்டி சானாய் இரண்டு!’ என்று எல்லாப் பக்கமும் குரல் வரும். அவர் முகத்தைத் திருப்புவதில்லை. வலக்கையை மார்பு உயரத்துக்குத் தூக்கி உள்ளங்கையைக் காட்டுவார். கோபம் கிடையாது. ஒரு புன்னகைகூட இருக்கும். ஆர்டரைச் சொல்லி முடித்த அடுத்த கணம் திரும்பி, ‘யார் கணக்குக் கேட்டது?’ என்பார்.

அந்தப் பதினைந்து அடியில்தான் என் வாழ்க்கையின் அந்த ஆறடி எனக்குப் புரிந்தது. எனக்கு உள்ளங்கையைத் தூக்கத் தெரியவில்லை.

விமானிகளுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் தரையிறங்க வந்த ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. இறங்கும் நேரத்தில் விமானிகள் சம்பந்தமில்லாத விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தது குரல் பதிவில் தெரிந்தது. அதன் பிறகு 1981இல் அந்நாடு ஒரு விதி கொண்டுவந்தது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது, அந்த விமானத்தைப் பத்திரமாக ஓட்டுவதற்கு வேண்டியதைத் தவிர வேறு பேச்சோ வேறு வேலையோ விமானி அறைக்குள் கூடாது. பத்தாயிரம் அடிக்கு மேலே போனால் பேசலாம். எப்போது தடுக்க வேண்டும் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கும் ஓர் எல்லை இருக்கிறது: மேசையிலிருந்து தண்ணீர் கலக்கும் இடம்வரை.

இந்த இடத்தில், மூளைப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தோழிகள் பலர் கைபேசியில் அவற்றுக்குப் பணம் கட்டி விளையாடுகிறார்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு கல்லூரி மாணவரை எரிக்சனும் வில்லியம் சேஸும் பயிற்றுவித்தார்கள். அவருடைய பெயரை ஆய்வில் எஸ்.எஃப். என்று மட்டும் குறிப்பிடுகிறார்கள். இருநூறு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி. தொடக்கத்தில் ஏழு எண்களைத்தான் அவரால் திருப்பிச் சொல்ல முடிந்தது. முடிவில் ஏறக்குறைய எண்பது. அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை எல்லாம் ஓட்ட நேரங்களாக மாற்றிப் பொட்டலம் கட்டியிருக்கிறார். சரி, எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறில் நின்றுவிட்டார். தலை பெரிதாகவில்லை, எண்களைக் கட்டும் வித்தை மட்டும் கைவந்திருக்கிறது. விளையாட்டில் தேறினால் அந்த விளையாட்டில்தான் தேறுவோம். அன்றாட வாழ்க்கையிலும் வேலையிலும் மூளை கூர்மையாகும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற வழக்கில் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு இருபது லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. விளையாட்டுக்குக் கட்டும் பணத்தில் ஒரு நல்ல குறிப்பேடும் சுவரில் மாட்ட ஒரு பலகையும் வாங்குங்கள் என்று தோழிகளிடம் சொல்கிறேன். மனமாரச் சொல்கிறேன்.

நம்மிடையே இந்த வித்தைக்கு ஒரு மரபே உண்டு. கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே அமர்வில் நூறு பேருடைய நூறு விதக் கேள்விகளுக்கு ஈடுகொடுப்பது சதாவதானம். இந்திய அரசு அவருக்குத் தபால்தலையும் வெளியிட்டிருக்கிறது. சின்ன வயதில் அவரைப் பற்றிக் கேட்டபோது, பிறவியிலேயே வேறு மாதிரியான தலை என்று நினைத்தேன். இப்போது யாப்பை நினைக்கிறேன். சீரும் தளையும் எதுகையும் ஊறிப்போனவருக்கு, பாதிச் சொல் வந்தாலே மீதிச் சொல் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும். வெண்பா எவ்வளவு பெரிய பொட்டலம்!

என் மகனிடம் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். கதைக் கணக்குகளில் தடுமாறுவான்; பள்ளியில் கவனமில்லை என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கணக்கின் பாதியில் ஏழெட்டு எவ்வளவு என்று விரலை எண்ணத் தொடங்குகிறான். எண்ணி முடிப்பதற்குள் கேள்வி என்ன கேட்டது என்பது போய்விடுகிறது. வாய்ப்பாட்டைப் பார்த்துப் பார்த்துப் படிக்க விடாமல், தினமும் பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் கேள்வியாகக் கேட்கிறேன். இரண்டு மாதத்தில் ஏழெட்டு தானாக வந்தது. கணக்கின் கதைக்கு இடம் கிடைத்தது. அவன் கவனமான பிள்ளைதான். எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கிறான்.

இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெரியப்பா காட்டினார். சென்ற ஆண்டு அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, போதைப்பொருள், வழக்கு, கைது. ஒருவர் பேசி இன்னொருவருக்கு மாற்றினார். அவர் தன்னைப் போலீஸ் அதிகாரி என்றார். வழக்கு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரியின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், திருப்பிச் சொல்லுங்கள், போனை வைக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் பேசாதீர்கள். நாற்பது நிமிடம். வங்கிக் கணக்கு எண்ணை எழுதி, சட்டை மாட்டி, வங்கிக்குக் கிளம்பும் நிலையில் கைபேசியின் சார்ஜ் தீர்ந்தது. அதைச் செருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியம்மா ஒரு குவளை தே ஓ கொண்டுவந்து வைத்தார். பாதி குடித்ததும் பெரியப்பாவே சொன்னாராம்: ‘இவன்கள் திருடர்கள்.’ யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. கைபேசி அணைந்து, காதில் குரல் இல்லாமல் போன பத்து நிமிடம்தான் விளக்கியது. எழுதச் சொல்வதும் திருப்பிச் சொல்லச் சொல்வதும், யோசிக்க ஓர் இடமும் மிஞ்சாமல் தலையை நிரப்பி வைக்கும் வேலை. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றே சொல்லுங்கள்: போனை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கட்டும். மோசடி நடந்துவிட்டால் உடனே தேசிய மோசடி உதவி மையத்தை 997இல் அழையுங்கள். 2022 அக்டோபரிலிருந்து அந்த எண் இயங்குகிறது.

தொழிற்சாலையில் நான் ஒரு மாற்றம் கேட்டேன். விசாரணைப் படிவத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினால், அதன் கீழே ‘அப்போது வேறு என்ன நடந்துகொண்டிருந்தது?’ என்பதையும் எழுத வேண்டும். எங்கள் பிரிவில் மட்டும் ஒப்புக்கொண்டார்கள். சில மாதப் படிவங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் கட்டத்தில் மறுபடி மறுபடி வந்தது தொலைபேசி. இப்போது சீட்டு எழுதும் மேசையிலிருந்து தொலைபேசியை எடுத்துவிட்டோம். சீட்டை எழுதியவர் அதை ஒட்டும்வரை கையிலேயே பிடித்திருக்க வேண்டும். பையில் போடக் கூடாது, தாளுக்குள் செருகக் கூடாது. கையில் சீட்டு இருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது. ஒட்டியதும் விரலால் அதைச் சுட்டி, லாட் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைச் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்லும் பழக்கத்திலிருந்து எடுத்தது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இரவு மூன்று மணிக்கு அந்தக் குரல்களைக் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகுதான் அம்மாவின் முடிச்சு கண்ணில் பட்டது. எழுபத்தாறு வயது, சுங்கைப் பட்டாணியில் தம்பியோடு இருக்கிறார். வீட்டிலும் சேலைதான். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்திலிருந்தே, மறக்கக் கூடாத ஒன்று இருந்தால் முந்தானையில் முடிச்சுப் போடுவார். நாங்கள் அதைப் பார்த்து வளர்ந்தோம். ஆனால் முடிச்சில் ஒரு குறை உண்டு. ஏதோ செய்ய வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். என்ன என்பதைச் சொல்லாது. செய்ய வேண்டியதை நினைவில் வைப்பதில் இப்படி இரண்டு பாதி இருப்பதாக ஆய்வாளர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். வயதாக ஆக அம்மாவுக்கு இரண்டாம் பாதி நழுவத் தொடங்கியது என்று தம்பி கவலைப்பட்டான்.

போன மாதம் போயிருந்தேன். புறப்படும் நேரம், காரில் பையை வைத்துவிட்டு விடைபெற உள்ளே வந்தேன். அம்மா எழுந்தார். முந்தானை நுனி கையில் தட்டுப்பட்டதும் நின்று, முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். விரல்களுக்கு நேரம் பிடித்தது. உள்ளே இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்த வெள்ளித் தாள் துண்டு.

‘மத்தியான மாத்திரை’ என்றார். ‘சாப்பிட்டாயிற்று.’ அதை எடுத்து மேசையில் வைத்தார்.

மற்றது ஒரு கறிவேப்பிலை. வாடிச் சுருண்டிருந்தது.

‘உனக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று நேற்றே கட்டி வைத்தேன், பாப்பா. கொஞ்சம் இரு’ என்று சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.